பெரிய பவளத் தொட்டியில் நீரோட்டத்தைச் சீர்செய்வது எப்படி?

பெரிய பவளத் தொட்டி வைத்திருப்பவர் ஒருவர் நீரோட்டம் போதவில்லை என்று வாய்திறந்தால், கேட்பவர் உடனே எந்த பம்ப் வாங்கலாம் என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுவார். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு அடுத்தடுத்து இரண்டு பம்ப் வாங்கியவன்தான். இரண்டாவதையும் மாட்டி ஒரு மாதம் கழிந்த பின்னும் பாறைக்குப் பின்னால் சிவப்புப் பாசிப் படலம் படர்ந்துகொண்டே இருந்தது. முன்பக்கத்திலோ மணல் பறந்து பவளங்களின் மேல் படிந்தது. தள்ளப்படும் நீர் போய்த் திரும்புவதற்கு வழிவிடாமல் பாறையை அடுக்கியிருந்ததுதான் குறை என்பது அதன் பிறகே விளங்கியது. ஆகையால் இக்கட்டுரையில் புதிய பம்ப் வாங்கும் யோசனை பின்னால்தான் வரும். ஓட்டம் எங்கே போகிறது என்று பார்ப்பது, பம்பைக் கழுவுவது, பாறையை விலக்குவது, இருக்கும் பம்பை இடம் மாற்றுவது ஆகிய நான்கையும் செய்து முடித்தவர்களில் பலருக்கு அந்தச் செலவு தேவைப்படுவதில்லை.

கணக்குச் சொல்ல ஒரு தொட்டி வேண்டும் என்பதால், சிங்கப்பூரில் உறவினர் வீட்டுத் தரைத்தளத்தில் நான் கவனித்துவரும் 8 அடித் தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன். அதன் நீளம் 240, அகலம் 90, உயரம் 75 சென்டிமீட்டர். விளிம்பு வரை நிரப்பினால் 1,620 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் 5 சென்டிமீட்டர், பாறை, மணல் எல்லாவற்றையும் கழித்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 1,300 லிட்டர். மென்பவளங்கள், டார்ச், ஹேமர் போன்ற பெரிய பாலிப் (பவளத்தின் பூப்போன்ற தனி உயிர்) கல்பவளங்கள், அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கல்பவளங்கள் மூன்றும் அதில் கலந்து வளர்கின்றன. 6 அடித் தொட்டிக்கும் முறை இதுவே, எண்கள்தாம் மாறும்.

பவளத்துக்கு ஓட்டம் எதற்கு

பவளம் ஒட்டிய இடத்தை விட்டு நகராது. அதற்கு வேண்டிய உணவையும் உயிர்வளியையும் கால்சியத்தையும் நீர்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அது கழிக்கும் சளியையும் அதன் மேல் விழும் தூசியையும் நீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். நீருக்குள் இருக்கும் எந்தப் பொருளின் மேலும் அசைவற்ற நீர் ஒரு மெல்லிய போர்வையைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் போர்வைக்குள் எந்தப் பொருளும் ஊடுருவித்தான் நகர முடியும் என்பதால், அது தடிக்கத் தடிக்கப் பவளத்தின் கொடுக்கல் வாங்கல் மந்தமாகிறது. ஓட்டம் கூடக்கூடப் போர்வை மெலிகிறது. பகலில் பவளத்தின் உள்ளே வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் மிகுதியான உயிர்வளி வெளியேறுவதும், இரவில் சுவாசத்துக்கு வேண்டிய உயிர்வளி உள்ளே வருவதும் இந்தப் போர்வையைக் கடந்துதான் நடக்கின்றன.

1998ஆம் ஆண்டு உலகெங்கும் பவளங்கள் வெளுத்தபோது ஒகினாவாவில் சில இடங்களில் மட்டும் அவை தப்பியதற்கு என்ன காரணம் என்று நாகமுரா, வான் வூசிக் ஆகிய இருவர் ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் உதவும். அதிக வெப்பத்தில் வேகமான ஓட்டத்தில் வைத்த அக்ரோபோராக்கள் தாக்குப்பிடித்தன. ஏறக்குறைய தேங்கிய நீரில் வைத்தவை வெளுத்தன. குளிரூட்டி ஒரு நாள் பழுதானால் எந்தத் தொட்டி பிழைக்கும் என்பதை ஓட்டமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

தென்கடலோர மீனவர்கள் கடலுக்குள் நீர் ஒரு திசையாக ஓடுவதை நீவாடு என்பார்கள். நீருக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். பாரின் மேல் நீவாடும் உண்டு, அலையும் உண்டு. நீவாடு ஒட்டுமொத்த நீரையும் மணிக்கணக்கில் ஒரு பக்கமாக நகர்த்துகிறது. அலை அதே நீரைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. தொட்டியில் நாம் உண்டாக்க வேண்டியவை இவ்விரண்டுமே. மணிக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் இவ்விரண்டில் எதையும் சொல்வதில்லை. அது பம்பின் வாயில் நடப்பதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியதோ பாறையின் முதுகுப்புறத்தில் நடப்பது.

முதலில் பாருங்கள்

ஓட்டத்தைப் பார்க்க இரவே ஏற்றது. விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழிந்து மீன்கள் அடங்கிய பிறகு, பம்புகளைப் பகல்நேர வேகத்தில் ஓடவிடுங்கள். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரை நிறுத்திவிடுங்கள். மீன் உணவாக விற்கும் உறைந்த ஆர்ட்டீமியாக் (உப்புநீர்ச் சிற்றுயிர்) கட்டி ஒன்றைக் கோப்பை நீரில் கரைத்து, அதைப் பம்பின் முன்னால் மெல்ல ஊற்றுங்கள். பக்கக் கண்ணாடி வழியே டார்ச் விளக்கை அடித்தால் ஒவ்வொரு துகளும் வெயிலில் தூசி மின்னுவது போல மின்னும். முன்கண்ணாடியில் 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை ஒட்டிவைத்துக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் வேகத்தையும் கணக்கிடலாம்: துகள் அந்த 30 சென்டிமீட்டரை 3 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 10 சென்டிமீட்டர்.

நான் முதன்முதலாக இப்படிப் பார்த்த இரவில் ஒரே ஒரு துகளைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். அது முன்கண்ணாடியை ஒட்டி வேகமாக வலப்பக்கம் போயிற்று. வலது மூலையில் கண்ணாடியில் மோதிக் கீழே இறங்கி, பாறையின் பின்புறமாகத் திரும்பியது. அதுவரை எல்லாம் சரி. பின்புறம் ஒரு முழத் தொலைவு வந்ததும் வேகம் குறைந்தது. பாறைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண் அகல இடத்தில் மூன்று முறை சோம்பலாகச் சுற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தது. அதன் பின்னால் வந்தவையும் அங்கேயே உட்கார்ந்தன. சிவப்புப் படலம் படர்ந்திருந்ததும் அதே இடம்தான். 10 நிமிடத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டியதை இரண்டு பம்ப் வாங்கிக் கண்டுபிடித்தேன்.

தாளில் தொட்டியை மேலிருந்து பார்ப்பது போல ஒரு கட்டமும், முன்னிருந்து பார்ப்பது போல இன்னொரு கட்டமும் வரைந்து, துகள் போகும் திசையை அம்புக்குறியாலும் உட்காரும் இடத்தைப் புள்ளியாலும் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் மென்பவளத்துக்கும் பெரிய பாலிப் பவளத்துக்கும் விநாடிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். அக்ரோபோராக்களைச் சுற்றி 20க்குக் குறையாமல், அவ்வப்போது அதைவிட வேகமாகவும் இருந்தால் நல்லது. விநாடிக்கு 2 சென்டிமீட்டரும் இல்லாத இடத்தைத் தேக்கம் என்றே கொள்ளலாம். இந்தப் படத்தைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

பம்பைக் கழுவுதல்

இது சுருக்கமான வேலை, ஆனால் பலரும் தவிர்க்கும் வேலை. நல்ல பவளத் தொட்டியில் கால்சியமும் காரத்தன்மையும் உயர்வாகவே இருக்கும் என்பதால், சுழலும் காந்தத்தைச் சுற்றியும் இறக்கைகளின் மேலும் சுண்ணாம்பு படிகிறது. அதன் மேல் ஊதா நிறக் கோரலைன் பாசியும் ஏறுகிறது. வெளியே பார்க்கப் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் தள்ளும் நீர் வெகுவாகக் குறைந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வாளி நீரில் அரைமணி நேரம் ஓடவிட்டால் படிவு முழுவதும் கரைந்துவிடும். வெள்ளை வினிகரும் நீரும் சம அளவில் கலந்தாலும் இதே வேலை நடக்கும், சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசி மாட்டுங்கள். எல்லாப் பம்புகளையும் ஒரே நாளில் கழற்றாமல் ஒவ்வொன்றாகச் செய்வது தொட்டிக்கு நல்லது. கழுவிய அன்றே இரவுச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். சிலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

பாறையை விலக்குதல்

என் கணிப்பில் பெரிய தொட்டிகளின் ஓட்டக் குறைகளில் பாதிக்கு மேல் பாறை அடுக்கியதில்தான் பிறக்கின்றன. நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறையைப் பின்கண்ணாடியோடு மதில் போலச் சாய்த்து அடுக்கும் பழக்கம், பெர்லின் முறை பரவிய 1990களில் எங்கும் இருந்தது. பாறைதான் வடிகட்டி என்பதால் அன்று நிறையப் பாறை போட்டார்கள். அந்தத் தோற்றம் பலருடைய மனத்தில் இன்னும் பதிந்திருக்கிறது. மதிலின் முன்னால் எவ்வளவு வேகமாக நீர் ஓடினாலும் அதன் பின்னாலும் உள்ளேயும் கசடு சேர்ந்துகொண்டே போகும். கசடு அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். பிறகு அவற்றைக் குறைக்க மருந்தும் வடிகட்டியும் வாங்குவோம்.

மதிலைப் பிரித்துத் தீவுகளாக்குங்கள். பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் இடையில் 15 சென்டிமீட்டராவது விடுங்கள். பக்கக் கண்ணாடிகளில் 20 விட்டால் இன்னும் நல்லது, பின்னால் பம்ப் வைக்கவும் பாசி சுரண்டவும் கை நுழைய வேண்டும் அல்லவா? எங்கள் 8 அடித் தொட்டியில் ஒரே மதிலாக இருந்ததை இரண்டு பெரிய தீவுகளாகவும் நடுவில் ஒரு சிறு திட்டாகவும் பிரித்தோம். தீவுகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் இரண்டு கால்வாய்கள் கிடைத்தன. ஒவ்வொரு தீவும் மணலில் முழுதாகப் படுத்துக்கிடக்காமல் மூன்று நான்கு கால்களில் நிற்கும்படி அடிப்பாறைகளைத் தொட்டியின் அடிக்கண்ணாடியின் மேலேயே ஊன்றி, மேற்பாறைகளை அக்ரிலிக் கம்பியாலும் எபாக்சிப் பசையாலும் பிணைத்தோம். மணலின் மேல் பாறையை ஊன்றினால் மீன்கள் அடியில் தோண்டும்போது அது சரியும். இவ்வளவு பெரிய தொட்டியில் பாறை சரிந்து கண்ணாடியில் மோதுவது விளையாட்டுக் காரியமில்லை.

இந்த வேலையில் கணிசமான பாறை மிஞ்சும், அதை வெளியே எடுத்துவிடலாம். பாறை குறைவாகப் போனதாகத் தோன்றி மேலும் வேண்டுமென்றால், செயற்கைப் பாறையையோ காய்ந்த பாறையையோ கடையில் வாங்குங்கள். மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று பவளக் கல்லை எடுத்துவருவது இந்தியச் சட்டப்படி குற்றம். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

பாறையை நகர்த்தும் முன் ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கணக்கில் உள்ளே அடைந்துகிடந்த கசடு ஒரே நேரத்தில் கிளம்பினால் மீன்களுக்கு மூச்சுத் திணறும். ஆகையால் ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பெரிய சிரிஞ்சால் பாறை இடுக்குகளில் நீரைப் பீய்ச்சிக் கசடைக் கிளப்பி, பில்டர் சாக்ஸில் (வடிகட்டும் துணிப்பையில்) பிடித்து வெளியேற்றுங்கள். நகர்த்தும் நாளில் ஒரு தீவுக்குமேல் தொடாதீர்கள்; அன்று மாலையே 15 சதவீத நீரை மாற்றிவிடுங்கள்.

பம்பை எங்கே வைப்பது

பழைய வகைப் பம்புகளான பவர்ஹெட்டுகள் குறுகிய வாயால் நீரைப் பீய்ச்சுபவை. அப்படிப் பீறிடும் நீரின் நடுவேகம் தூரம் இரட்டித்தால் பாதியாகும். பக்கத்தில் இருக்கும் பவளத்தின் தோலை உரிக்கும் அளவுக்கு வேகம், எதிர்க்கோடியில் ஒன்றுமில்லை என்ற நிலை அதனால்தான் வருகிறது. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டுன்ஸே நிறுவனத்தின் ஸ்ட்ரீம் வரிசை வந்த பிறகு, குறைந்த மின்சாரத்தில் அகலமாக, நிதானமாக, நிறைய நீரைத் தள்ளும் புரொப்பெல்லர் பம்புகள் பரவின. பின்னால் மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைக்கும் வோர்டெக் வகையும், நீண்ட உருளையின் வழியாக விரிப்பு போல நீரைத் தள்ளும் கைர் வகையும் வந்தன. பெரிய தொட்டிக்கு இவற்றில் எதுவும் பொருந்தும். குறுகிய வாய்ப் பம்பை மட்டும் ஏதாவது ஒரு மூலையைக் கிளறுவதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

பலரும் செய்வது என்னவென்றால், இடக்கண்ணாடியில் ஒன்றும் வலக்கண்ணாடியில் ஒன்றும் எதிரெதிராக மாட்டி இரண்டையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டுவது. இரு ஓட்டங்களும் நடுவில் மோதிக்கொள்கின்றன. அங்கே ஒரு கொந்தளிப்பு தெரியும், அதைப் பார்த்து நமக்கும் திருப்தி வரும். ஆனால் ஒன்று சேர்த்த உந்தத்தை மற்றொன்று அழித்துவிடுவதால் ஒட்டுமொத்த நீர் எங்கும் நகர்வதில்லை. ராட்டினத்தை இருவர் எதிரெதிர்த் திசையில் தள்ளுவதற்கும் ஒரே திசையில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஒரே திசையில் தொடர்ந்து தள்ளினால் நீர் உந்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். சில நிமிடங்களில் பம்பின் பலத்துக்கு மிஞ்சியதாகத் தோன்றும் ஒரு பெருஞ்சுழற்சி உண்டாகும்.

அந்தச் சுழற்சியை இரண்டு வகையாக அமைக்கலாம். படுக்கைவாட்டில் அமைப்பதென்றால், இடக்கண்ணாடியில் முன்மூலைக்கு அருகே வைத்த பம்ப் முன்கண்ணாடியை ஒட்டி வலப்பக்கமாகத் தள்ள வேண்டும். வலக்கண்ணாடியில் பின்மூலைக்கு அருகே வைத்த பம்ப் பின்கண்ணாடியை ஒட்டி இடப்பக்கமாகத் தள்ள வேண்டும். நீர் தீவுகளைச் சுற்றி வரும். பின்கண்ணாடியோரம் 15 சென்டிமீட்டர் விடச் சொன்னது இதற்காகத்தான். செங்குத்தாக அமைப்பதென்றால், ஒரு பக்கக் கண்ணாடியின் மேல்பகுதியிலிருந்து தள்ளும் நீர் மேற்பரப்பை ஒட்டி எதிர்க்கோடிவரை ஓடி, கண்ணாடியோடு கீழிறங்கி, மணலை ஒட்டித் திரும்பி வரும். கைர் பம்புகள் இதற்குத் தோதானவை. பாறை கால்களில் நிற்காமல் மணலில் படுத்திருந்தால் இது நடக்காது. ஒரு மீட்டர் அகலத்துக்குள் நீளம் மிகுந்த தொட்டிகளில் படுக்கைவாட்டுச் சுழற்சி எனக்கு எளிதாகக் கைகூடியிருக்கிறது. கண்ணாடி ஓரமாக ஓடும் நீருக்குத் தடையே இருக்காது என்பதுதான் காரணம்.

எந்தச் சுழற்சியானாலும் ஒரே திசையில் நாள் முழுவதும் ஓடக்கூடாது. ஒரு கிளையின் முகப்பு மட்டும் ஓட்டம் பெற்று முதுகுப்புறம் கசடு சேரும். கடலில் ஏற்றமும் வற்றமும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் மாறிவருவது போல, கட்டுப்படுத்தும் கருவியில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும்படி அமையுங்கள். இதற்கு இரு கோடியிலும் இணைப் பம்புகள் வேண்டும்: முதல் ஆறு மணி நேரம் ஓர் இணை, அடுத்த ஆறு மணி நேரம் மற்றோர் இணை. ஓய்விலிருக்கும் இணையை முற்றாக நிறுத்தாமல் 10 அல்லது 15 சதவீத வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே கசடு தங்காது. பம்பின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு 10 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கட்டும். அதற்கு மேலே இருந்தால் காற்றை இழுத்துத் தொட்டி முழுவதும் நுண்குமிழ் பரப்பும்.

மணலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை போன்ற நுண்மணலை வைத்துக்கொண்டு அக்ரோபோராவுக்கு வேண்டிய ஓட்டத்தை உண்டாக்க முடியாது. 2 முதல் 3 மில்லிமீட்டர்ப் பரலுக்கு மாறுங்கள், அல்லது பம்பை மணலைவிட்டு உயரத்தில் சற்று மேல்நோக்கித் திருப்பிவையுங்கள்.

அலை

நீவாடு அமைந்த பிறகுதான் அலையை யோசிக்க வேண்டும். 1961இல் தம் தொட்டிமுறையை வெளியுலகுக்கு எழுதிய ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளம் வைத்திருந்தார். பெரிய மீன் காட்சிச்சாலைகளுக்கு அது போதவில்லை. ஹவாயின் வைக்கீகி காட்சிச்சாலையில் புரூஸ் கார்ல்சன் உருவாக்கிய முறை மிக எளியது: தொட்டிக்கு மேலே ஒரு பீப்பாய், அதில் சிறிய பம்ப் நீரேற்றிக்கொண்டே இருக்கும், நீர் குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதும் சைபன் தானே பற்றிக்கொண்டு மொத்த நீரையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டும், பிறகு மறுபடி நிரம்பத் தொடங்கும். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987இல் திறந்த 25 லட்சம் லிட்டர்ப் பவளத் தொட்டிக்கு அலை எழுப்பும் இயந்திரமே வைத்தார்கள். வீட்டில் பீப்பாய் முறை நன்றாக வேலை செய்யும்; ஆனால் அதன் இரைச்சலையும் உப்புத் தெறிப்பையும் வீட்டிலுள்ளவர்கள் ஒரு வாரம்கூடப் பொறுக்கமாட்டார்கள்.

இன்றைய பம்புகளில் விட்டுவிட்டுத் தள்ளும் வசதி இருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய வீச்சாவது போல, தொட்டியின் இயல்பான தாளத்துக்கு ஏற்பத் துடிப்பை அமைத்தால் நீர் முழுவதும் முன்னும் பின்னும் ஆடும். 240 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட நீருக்கு அந்தத் தாளம் ஏறத்தாழ 2 விநாடி; ஆகவே ஒரு விநாடி ஓடி ஒரு விநாடி நிற்கும்படி அமைத்து, நூறில் சில பங்கு கூட்டியும் குறைத்தும் பார்த்தால் நீர் ஆடத் தொடங்கும் இடம் கிடைக்கும். இரு கோடிகளில் நீர்மட்டம் ஏறி இறங்கும். நடுவில் மட்டம் அசையாதது போலத் தோன்றினாலும் நீர் பக்கவாட்டில் மிக வேகமாகப் போய்வருவது அங்கேதான். அக்ரோபோராக்களை நடுத்திட்டின் மேல் வைப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

மட்டம் 2 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் போதும். அதற்கு மேல் போனால் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட நீர் நாளெல்லாம் இங்கும் அங்கும் எடை மாறிக்கொண்டே இருப்பதைத் தாங்குமிருக்கையும் கண்ணாடி ஒட்டுகளும் தாங்க வேண்டும். மேல்நீர் வழிந்து இறங்கும் ஓவர்ப்ளோவிலும் நீர் மடக் மடக்கென்று விழுந்து சத்தமிடும். தாங்குமிருக்கை கையால் உணரும் அளவுக்கு அசைந்தால் துடிப்பை உடனே நிறுத்துங்கள். நாள் முழுவதும் அலை தேவையில்லை, காலை மாலை இரண்டிரண்டு மணி நேரம் வைத்தாலே இடுக்குகளில் தங்கிய கசடு கிளம்பிவிடும்.

சம்ப்பும் மேற்பரப்பும்

தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் இருக்கும் துணைத்தொட்டிதான் சம்ப். அதிலிருந்து நீரேற்றும் ரிட்டர்ன் பம்பைப் பெரிதாக்கி ஓட்டத்தைக் கூட்ட நினைப்பது வீண் செலவு. வேகம் கூடினால் சம்ப்பில் குமிழி நிறைந்து இரைச்சல்தான் மிகும். தொட்டியின் கொள்ளளவு மணிக்கு ஐந்து முறை சம்ப் வழியாகச் சுற்றினால் போதும். எங்கள் தொட்டிக்கு அது 6,500 லிட்டர். பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல் அளந்துபாருங்கள்: மேலே நீர் விழும் குழாயின் வாயை 20 லிட்டர் வாளிக்குள் திருப்பினால் 11 விநாடியில் நிறைய வேண்டும். குழாய் ஏறும் உயரமும் வளைவுகளும் சேர்ந்து பம்பின் அளவைப் பாதியாக்குவது உண்டு.

அந்தக் குழாயின் வாயை மேற்பரப்பை நோக்கிச் சாய்த்துவையுங்கள், ஆனால் நீருக்குள் ஆழமாக இறக்காதீர்கள். மின்சாரம் நின்றதும் அந்த வாய் வழியாகவே நீர் சைபனாகிச் சம்ப்புக்கு இறங்கும். எங்கள் தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 21.6 லிட்டர், வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 108 லிட்டர் சம்ப்பில் வந்து விழும். சம்ப்பில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் மீதி தரைக்குத்தான் போகும். நான் ஒருமுறை இரவு இரண்டு மணிக்குப் போர்வைகளை விரித்து நீர் ஒற்றியிருக்கிறேன்.

26 பாகை செல்சியஸில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் உயிர்வளிக்கு மேல் தாங்காது. நன்னீரைவிட இது குறைவு. இரவில் பவளம், மீன், பாசி, நுண்ணுயிர் எல்லாமே அதைச் செலவிடுகின்றன, ஒருவரும் உண்டாக்குவதில்லை. ஆகவே இரவில் ஓட்டத்தைக் குறைத்தாலும் மேற்பரப்பு சிலிர்த்துக்கொண்டே இருக்கும்படி ஒரு பம்பையாவது மேலே விடுங்கள். எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அங்கே வாயுப் பரிமாற்றம் நடக்கவில்லை என்று பொருள். மின்வெட்டு உள்ள ஊர்களில் நேர்மின்னோட்டத்தில் ஓடும் பம்ப் ஒன்றைப் பேட்டரியோடு இணைத்துவிடுங்கள். அரைவேகத்தில் ஓடினாலும் பல மணி நேரம் உயிர் காக்கும்.

பம்ப் வாங்கத்தான் வேண்டுமா?

இவ்வளவுக்குப் பிறகும் இரவுச் சோதனையில் தேக்கம் தெரிந்தால் வாங்கலாம். மென்பவளம் மட்டுமுள்ள தொட்டியில் உள்ளோட்டம் மணிக்குக் கொள்ளளவின் 10 முதல் 20 மடங்கு, கலப்புத் தொட்டியில் 30 முதல் 40, அக்ரோபோரா மட்டும் வளர்த்தால் 50க்கு மேல் என்பது வழக்கிலுள்ள கணக்கு. 1,300 லிட்டருக்கு 40 மடங்கென்றால் 52,000 லிட்டர். மணிக்கு ஏறத்தாழ 17,000 லிட்டர் தள்ளும் வோர்டெக் எம்பி40 போன்றவை மூன்று அந்த எண்ணைக் கிட்டத்தட்டத் தொடும். திசை மாற்ற இணைகள் வேண்டும் என்பதால் நான்கு வாங்கி, எதையும் 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டாமல் வைத்திருக்கிறோம். குறைந்த வேகத்தில் ஓடும் பம்ப் சத்தமும் தருவதில்லை, விரைவில் தேய்வதும் இல்லை. ஒன்று பழுதானால் மற்றவை தாங்கும். நீருக்குள் மூழ்கும் பம்ப் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் இறுதியில் நீரைச் சூடாக்கும் என்பதையும் வெப்ப நாட்டில் இருப்பவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடற்சாமந்தி (சீ அனிமோன்) வளர்ப்பவர்கள் பம்பின் வாய்க்குக் கட்டாயம் வலைக்கூடு போட வேண்டும். அது நகர்ந்து போய்ச் சிக்கினால் அரைத்துத் தள்ளிவிடும்.

மாற்றிய பின்

புதிய அமைப்பை முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டாமல் பாதியில் தொடங்கி, மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். அந்த நாட்களில் பவளங்களைப் பாருங்கள். டார்ச் பவளத்தின் விரல்கள் ஒரு பக்கம் சாய்ந்து மீண்டும் நிமிர வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் படுத்தே கிடந்தால் ஓட்டம் அதிகம், தோல் எலும்பு விளிம்பில் உரசிக் கிழியும். அக்ரோபோராவில் கிளைகளின் நுனி நன்றாக இருந்து உட்பகுதியின் அடிப்பக்கம் மட்டும் வெளுத்து உரிந்தால் அங்கே ஓட்டம் நுழையவில்லை. கடல் விசிறியை அதன் அகன்ற முகத்தை ஓட்டம் நேராகத் தாக்கும்படி திருப்பி நடுங்கள். கடலிலும் அது அப்படித்தான் நிற்கிறது. மென்பவளம் இரண்டு மூன்று நாள் சுருங்கியிருப்பது இயல்பு, ஒரு வாரம் தாண்டினால் இடம் மாற்றுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இரவுச் சோதனையைத் திரும்பச் செய்து, தேதியிட்ட பழைய தாளோடு ஒப்பிடுங்கள். போன முறை நாங்கள் பார்த்தபோது நடுக்கால்வாயில் துகள்கள் மறுபடி உட்காரத் தொடங்கியிருந்தன. பம்புகள் சுத்தமாகவே இருந்தன, பாறையும் நகரவில்லை. வலத்தீவின் அக்ரோபோரா இரு கைகளை விரித்த அளவுக்குப் படர்ந்து கால்வாயின் மேல்பாதியை அடைத்திருந்தது. இரண்டு கிளைகளை நறுக்கி நடுத்திட்டில் ஒட்டினோம். அன்றிரவே துகள்கள் கால்வாய் வழியாகத் தடையில்லாமல் போய்வந்தன.